வட்டு இல்லை என்கிறதே கணினி!

இருக்கும் பொருளை இல்லை என்று சொல்லும் தராசைக் கடைத்தெருவில் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். மடிக்கணினி அவ்வாறு சொன்னால் மட்டும் நாம் நம்பிவிடுகிறோம். திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற வாசகம் தோன்றியதும், சேமிப்பு வட்டு செத்துவிட்டது என்று தீர்மானித்துக் கடைக்கு ஓடுகிறோம். அங்கே புது வட்டு போடப்படுகிறது; அல்லது இருக்கும் வட்டு துடைத்தெடுக்கப்படுகிறது. இரண்டாண்டுக் குறிப்புகளும் படங்களும் அதோடு போயின. வட்டில் எந்தப் பழுதும் இருந்திராது என்பதே இதில் வேதனை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல் பதனிடும் ஆலைக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போவோரின் வீடுகள் பலவற்றில் முதலில் நுழைந்த கணினி, பிள்ளைக்குக் கிடைத்த அரசு மடிக்கணினிதான். 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கணினி தருவதாக மாநில அரசு அறிவித்தது. ஆகவே இது ஒரு சிலரின் தொல்லை அன்று.

வட்டு எப்படி மறைகிறது? மின்சாரம் பாய்ந்ததும் கணினியில் முதலில் விழிப்பது, தாய்ப்பலகையின் சில்லில் பதிந்துள்ள நிலைநிரல். 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியில் அதன் பெயர் பயாஸ். அது வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். இன்டெல் நிறுவனம் 1990-களின் இறுதியில் தொடங்கி, 2005-இல் பல நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் விட்ட புதுமுறை யூ.இ.எஃப்.ஐ. இது வட்டில் தனியே ஒதுக்கப்பட்ட ஒரு பகுதியைத் திறந்து, அங்கேயுள்ள கோப்பைப் பெயர் சொல்லித் தேடும். பழைய முறைப் பிரிவுப் பட்டியலால் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் வட்டை ஆள முடியாது என்பதும் இந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

இடைக்காலத்துக்காகப் புது நிலைநிரலுக்குள்ளேயே பழைய பயாஸைப் போல் நடிக்கும் ஒரு பகுதியை வைத்தார்கள். அமைப்புத் திரையில் 'லெகஸி' என்று காண்பது அதுவே. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் யூ.இ.எஃப்.ஐ. முறையில் விண்டோஸ் நிறுவப்பட்ட கணினியில் யாரேனும் 'லெகஸி' என்று மாற்றிவிட்டால், நிலைநிரல் முதல் 512 பைட்டுகளில் துவக்க நிரலைத் தேடும், அங்கே இராது. வட்டு என்.வி.எம்.இ. வகையாயின் நிலை இன்னும் மோசம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய முறைக்குரிய இயக்கி நிரல் இல்லாததால், துவக்கப் பட்டியலில் வட்டின் பெயரே வராது. பழைய கணினியில் இது தலைகீழாகவும் நடக்கும். நாணய மின்கலம் தீர்ந்து அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பினால், பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் காணாமற் போகலாம்.

வட்டு மட்டும் அல்ல. 2013 ஜனவரியில் சில சாம்சங் மடிக்கணினிகளில் யூ.இ.எஃப்.ஐ. வழியாக லினக்ஸைத் துவக்கியபோது, அவை மீண்டும் எழவே இல்லை. பயாஸ் காலத்து வழக்கத்தை நம்பி எழுதிய சாம்சங் இயக்கி நிரல்மீது முதலில் பழி விழுந்தது. யூ.இ.எஃப்.ஐ. முறையில் துவங்கினால் அந்த இயக்கி ஏறாதபடி லினக்ஸில் தடுத்தார்கள். நிலைநிரலின் நினைவகத்தில் அதிகத் தகவல் எழுதினாலே அக்கணினி முடங்கிவிடும் என்பது பின்னரே ஆராய்ந்து கண்டது. ஆக, மென்பொருள் எழுதியவர் திருத்திக்கொண்டார். மூலக்குறை நிலைநிரலில் இருந்தது.

என் குற்றச்சாட்டு இதுதான்: நிலைநிரல் தான் அறிந்ததைச் சொல்வதில்லை. 'வட்டு உள்ளது, இம்முறையில் துவக்க இயலவில்லை' என்று ஒரு வரி எழுத அதற்கு இடமில்லையா? இன்றைய சில்லுகளில் 16 மெகாபைட், 32 மெகாபைட் இடம் உண்டு. நம் ஊர்த் தோல் ஆலையில் குரோம் ஏற்றிய வெட் புளூ தோலிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் இடுவார்கள். சுருங்கினால் பதம் போதவில்லை என்று பொருள். எவ்வளவு சுருங்கியது என்பதைக் கொண்டு என்ன குறை என்றும் ஊகிப்பார்கள். அந்தத் தோல் துண்டு சொல்லும் அளவு தகவலைக்கூட இந்தத் திரை தருவதில்லை. யூ.இ.எஃப்.ஐ. விதிமுறையில் செய்திகளைப் பல மொழிகளில் வைக்கவும் வழி செய்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் வாங்கும் அரசு, கொள்முதல் நிபந்தனையில் தமிழ் வாசகம் ஒன்றைக் கேட்டுப் பெறலாமே!

'லெகஸிக்கு மாற்றிப் பார்' என்று எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் கொடுக்கும் பழுதுபார்ப்போரையும் சொல்லத்தான் வேண்டும். புது லினக்ஸ் நிறுவும்போது வட்டு தெரியாமற் போவதற்குப் பல வேளைகளில் துவக்க முறை காரணமே அல்ல. இன்டெல்லின் ரெய்ட் அல்லது வி.எம்.டி. அமைப்பு இயங்குவதே காரணம். அதை விண்டோஸைத் தயார் செய்யாமல் அணைத்தால் நீலத்திரைதான் மிஞ்சும்.

ஆகையால் மாணவர்கள் திருகுப்புளியை எடுக்குமுன் அமைப்புத் திரைக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் முதற்பக்கத்திலேயே வட்டின் பெயர் இருக்கும். இருந்தால் வட்டு கண்டுகொள்ளப்பட்டிருக்கிறது. துவக்க முறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஓடுகின்ற விண்டோஸில் 'எம்.எஸ்.இன்ஃபோ32' என்று தட்டினால், 'பயாஸ் மோட்' என்ற வரியில் எம்முறை என்று காணலாம். இதைக் கணினி நலமாக இருக்கும்போதே பார்த்து நோட்டில் எழுதி வைத்தல் நலம். எதையும் மாற்றுமுன் அமைப்புத் திரையைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்துக்கொள்க. விண்டோஸ் 11 கணினியாயின் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணையும் முன்னதாகவே குறித்துக்கொள்க; துவக்க அமைப்பை மாற்றியவுடன் கணினி அதைக் கேட்கக்கூடும்.