ஹன்ட்: ஷோடவுன் 1896 – காதில் பிறக்கும் பயம்

திகில் கேம்களில் பெரும்பாலானவை ஒருமுறைதான் பயமுறுத்தும். கதவுக்குப் பின்னால் நிற்பது என்ன என்று தெரிந்துவிட்டால், அடுத்த முறை அதே கதவைச் சாவகாசமாகத் திறந்துகொண்டு போவோம். கிரைடெக் நிறுவனத்தின் 'ஹன்ட்: ஷோடவுன் 1896' கேமில் அந்தச் சாவகாசம் வருவதே இல்லை. மேப் முழுக்க மனப்பாடமான பிறகும், ஒவ்வொரு பேயின் பலவீனமும் அத்துபடியான பிறகும் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. இந்தப் பயத்தை எப்படி உருவாக்கியிருக்கிறார்கள் என்று யோசிக்க யோசிக்க, இந்த கேம் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

களம் 1890-களின் அமெரிக்கா, குறிப்பாக லூசியானாவின் சதுப்பு நிலங்கள். உள்நாட்டுப் போர் முடிந்து 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்ட முதலாளிகளின் மாளிகைகள் பாசி பிடித்து நிற்கின்றன. மரம் அறுக்கும் ஆலை, மீன் பதப்படுத்தும் கொட்டகை, தேவாலயம், சிறைச்சாலை என எல்லாவற்றிலும் மனிதர்கள் திடீரென்று வேலையைப் போட்டுவிட்டு ஓடிய, அல்லது ஓட முடியாமல் போன அடையாளங்கள். கோத்திக் என்றதும் ஐரோப்பியக் கோட்டையும் சவப்பெட்டியும்தான் நம் நினைவுக்கு வரும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கோத்திக் வேறு மாதிரி: வெயில், புழுக்கம், அழுகல், பழைய பாவங்கள். அதை இவ்வளவு கவனமாகக் காட்சிப்படுத்திய கேம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. பட்டப்பகலில், பளிச்சென்ற வெயிலில்கூட இந்த மேப்கள் அச்சமூட்டுகின்றன. 2024-இல் சேர்த்த 'மாமன்ஸ் கல்ச்' மேப் மட்டும் கொலராடோவின் மலைச் சுரங்கங்களுக்குப் போகிறது. அழகான மேப்தான், ஆனால் சதுப்பின் அந்த மூச்சுமுட்டல் அங்கே இல்லை.

விதிகள் சிக்கலானவை அல்ல. ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 12 பேர். தனியாகவோ, இருவராகவோ, மூவராகவோ இறங்கலாம். தடயங்களைப் பின்பற்றி, பன்றித் தலை புட்சரோ சுவரில் ஓடும் ஸ்பைடரோ, அன்றைய பாஸ் பூதம் எங்கே பதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கொன்று, ஆவியை ஓட்டி, கிடைக்கும் பவுன்டியோடு மேப்பின் எல்லைக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். ஆவி ஓட்டும் சடங்குக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அது தொடங்கியதுமே எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்று மேப்பில் இருக்கும் அத்தனை டீம்களுக்கும் தெரிந்துவிடும். அதுவரை வேட்டைக்காரர்களாக இருந்த நாம் அந்த நொடியிலிருந்து வேட்டைப் பொருள்.

இந்த கேமின் உயிர் ஒலியில்தான் இருக்கிறது. தரையில் சிதறிய கண்ணாடி, காய்ந்த சுள்ளி, கதவோரம் தொங்கும் சங்கிலி, கூண்டுக் கோழிகள், அடைத்து வைத்த நாய்கள் என ஒவ்வொன்றும் நம்மைக் காட்டிக்கொடுக்கக் காத்திருக்கிறது. பாதையோரம் குற்றுயிராகக் கிடக்கும் குதிரை, பக்கத்தில் போனால் கனைக்கும். வயலில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள், நாம் நெருங்கினால் மொத்தமாகக் கரைந்தபடி எழும்பும். தொலைவில் ஒரு கொட்டகைக்குள் பதுங்கியிருப்பவனுக்கு அந்தக் கரைச்சல் போதும். வடக்கிலிருந்து ஆள் வருகிறான் என்று துப்பாக்கியை அந்தப் பக்கத்து ஜன்னலுக்குத் திருப்பிவிடுவான். மரப்பலகை, தகரக் கூரை, சேறு, தண்ணீர் என ஒவ்வொன்றின் மேலும் காலடிச் சத்தம் வேறு வேறு. தலைக்கு மேலே மாடிப் பலகை ஒருமுறை முனகினால், மேலே இருப்பவன் எந்தப் பக்கம் நகர்ந்தான் என்பதுவரை சொல்லிவிடலாம். துப்பாக்கி வெடித்தால் மேப்பின் மறுகோடிவரை கேட்கும். பழகிய காது, சுட்ட துப்பாக்கி எது என்பதையும் அடையாளம் கண்டுகொள்ளும்.

இப்போது பேய்களைப் பாருங்கள். வழியெங்கும் திரியும் கிரன்ட் ஒன்றைச் சுட்டுத் தள்ளுவது கஷ்டமே இல்லை. ஆனால் சுட்டால் ஊருக்கே தெரியும். ஆகவே கத்தியை எடுத்துக்கொண்டு கிட்டத்தில் போக வேண்டியிருக்கிறது. உடம்பெல்லாம் கனன்றுகொண்டிருக்கும் இம்மொலேட்டரிடம் அதே கத்தியைக் காட்டினால் தீப்பற்றி எரிந்தபடி துரத்தும். அதைத் துப்பாக்கிக் கட்டையாலோ சம்மட்டியாலோ அடித்துத்தான் வீழ்த்த வேண்டும். மீட்ஹெட்டுக்குத் தலையே கிடையாது. அதைச் சுற்றி ஊரும் அட்டைகள்தான் அதற்குக் கண்ணும் காதும். இவற்றோடு மட்டும் மோத வேண்டியிருந்தால் நான்கு நாளில் சலித்துப்போகும். பக்கத்தில் ஒளிந்திருக்கும் மனிதனுக்கு இவை நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் கடைசிவரை அஞ்ச வேண்டியிருக்கிறது. சூழலையும் ஆட்டத்தையும் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னியிருப்பது இந்த இடத்தில்தான்.

ஆயுதங்களும் அந்தக் காலத்தவை. மோசின்-நகாண்ட்டில் ஐந்து தோட்டா. ரொமேரோ 77 ஷாட்கன்னில் ஒன்றே ஒன்று. தலையில் பட்டால் பெரும்பாலும் ஒரே தோட்டாவில் கதை முடிந்துவிடும். குறி தவறினால், போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றும் அந்த இடைவெளியில் எதிரி ஓடலாம், நெருங்கலாம், திருப்பிச் சுடலாம். தானியங்கித் துப்பாக்கியால் தோட்டா மழை பொழிந்து பழகிய கைகளுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். பழகிய பிறகு மற்ற ஷூட்டர்களில் சுடுவது வெறும் சத்தமாகத் தோன்றும்.

சாவுக்கும் இங்கே கனம் உண்டு. வேட்டைக்காரர் இறந்தால் அவர் கையிலிருந்த ஆயுதங்களும் கற்ற திறமைகளும் அவரோடு போய்விடும். வீழ்ந்த கூட்டாளியை எழுப்பலாம். அதனால்தான் எதிரிகள் உடலுக்குத் தீ வைத்துவிட்டுப் புதருக்குள் காத்திருப்பார்கள். முழுக்க எரிந்துவிட்டால் அவரைச் சாதாரணமாக எழுப்ப முடியாது. நண்பனின் உடல் புகைவதைப் பார்த்துக்கொண்டே, ஓடலாமா பதுங்கலாமா என்று தவிக்கும் அந்த அரை நிமிடத்தைப் போன்ற ஒன்றை நான் வேறெந்த ஷூட்டரிலும் அனுபவித்ததில்லை.

குறைகளும் உண்டு. ஆவியை ஓட்டி முடித்த டீம் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ள, வெளியே சூழ்ந்தவர்களும் நகராமல் காத்திருக்க, சில ஆட்டங்கள் கடைசியில் வெறும் பொறுமைப் போட்டியாகிவிடுகின்றன. பவுன்டியைத் தூக்கியவருக்குச் சில நொடிகள் அக்கம்பக்கத்து எதிரிகளைச் சுவருக்கு அப்பாலும் காட்டும் சக்தி தந்திருக்கிறார்கள். அது ஓரளவு உதவினாலும் போதவில்லை. 2018-இல் முன்னோட்டமாகவும் 2019-இல் முழுமையாகவும் வெளிவந்த கேம் இது. 2024 ஆகஸ்டில் இன்ஜினின் புதிய பதிப்புக்கு மாற்றி, பெயரில் 1896-ஐச் சேர்த்தபோது ஒளியும் நிழலும் நன்றாக மேம்பட்டன. ஆனால் கூடவே வந்த மெனு குழப்பமாக இருந்ததால் ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. நிறுவனம் அதைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த இன்ஜின் மாற்றத்தோடு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கான ஆதரவும் நின்றுவிட்டது. பழைய கன்சோல் வைத்திருப்பவர்கள் ஏமாந்துவிடக் கூடாது.

புதிதாக வருபவர்களுக்கு, தொடக்க நிலைகளில் வேட்டைக்காரர் இறந்தாலும் பறிபோகாத சலுகை இருக்கிறது. அந்தக் காலத்தில் துணிந்து செத்துப் பழகுங்கள். முடிந்தால் நிதானமான இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் விளையாடினால் பாதி கேம்தான் கிடைக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிவிடுங்கள். கேம் ஸ்டீமில் அடிக்கடி தள்ளுபடிக்கு வரும். அப்போது யோசிக்காமல் வாங்கலாம்.