எபோஷியின் கரங்கள்

கதைகளில் தீயவரை இனங்காண்பது எளிது. அவருடைய பார்வையும் சிரிப்பும் தீர்ப்பை முன்னதாகவே எழுதித் தந்துவிடும். நாம் கையெழுத்திட்டால் போதும். அந்தப் பழக்கத்தைக் கலைக்கும் படைப்புகள் சிலவே. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1997ஆம் ஆண்டு அளித்த 'இளவரசி மோனோநோகே' என்னும் சித்திரத் திரைப்படம் அவற்றுள் ஒன்று. 'அனிமே' என்றதும் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கும் பெரியவர்களும் இதனைப் பார்த்தல் நன்று.

கதை முரோமாச்சிக் காலத்தது. வெறிகொண்ட காட்டுப்பன்றித் தெய்வம் ஒன்று அஷிதாகா என்னும் இளைஞனின் கையில் சாவுச் சாபத்தைப் பதித்து மடிகிறது. அதன் உடலுக்குள் ஓர் இரும்புக் குண்டு. குண்டு வந்த வழியைத் தேடி மேற்கே செல்லும் அவன், எபோஷி என்னும் பெண் ஆளும் இரும்பு உலை ஊரை அடைகிறான். அவ்வூருக்காகக் காடு அழிகிறது. எதிர்த்து வந்த பன்றித் தெய்வத்தைச் சுட்டு வீழ்த்தியவள் அவளே. ஓநாய்த் தெய்வம் மோரோ வளர்த்த சான் என்னும் பெண் அவளைக் கொல்லத் துடிக்கிறாள். படத்தின் இவ்விடம் வரை எபோஷியின் வீழ்ச்சிக்காகவே நானும் காத்திருந்தேன்.

ஆனால் இயக்குநர் நம்மை ஊருக்குள் அழைத்துச் செல்கிறார். உலைத் துருத்தியை மிதிப்போர் பெண்கள். விலைமகளிர் விடுதிகளிலிருந்து எபோஷி மீட்டுவந்தவர்கள். அவளது தோட்டத்து இல்லத்தில் உடலெங்கும் துணி சுற்றிய தொழுநோயாளர் துப்பாக்கி செய்கின்றனர். அஷிதாகாவின் சபிக்கப்பட்ட கை அவளைக் கொல்ல எழுகிறது. அப்போது படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் அவளுக்காக மன்றாடுகிறார். தங்களை மனிதராக மதித்தவள், அழுகும் உடலைக் கழுவிக் கட்டுப் போட்டவள் அவள் ஒருத்தியே என்கிறார்.

ஜப்பானில் இந்நோய் முற்பிறவி வினையின் பயன் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நோயாளரைப் பிரித்து அடைத்து வைத்த சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. படம் வந்தது மறு ஆண்டு. இதை உருவாக்கிய நாள்களில் தோக்கியோவின் தாமா சென்ஷோயென் தொழுநோய் இல்லத்திற்கு மியாசாகி சென்றுவந்தார். அந்த இல்லத்துக் காட்சியின் கனம் அங்கிருந்து வந்திருக்கக்கூடும்.

அப்படியானால் எபோஷி நல்லவளா? அவசரப்பட வேண்டாம். அவள் நோயாளருக்கு அளித்த பணி, பிற உயிர்களைக் கொல்லும் கருவி செய்வது. அவளது இரக்கம் ஊரின் மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலுக்கு அப்பால் உள்ளவை அவளுக்கு வெறும் தடைகளே. இறுதியில் காட்டுத் தெய்வத்தின் தலையையே சுட்டு வீழ்த்துகிறாள். இப்பாவத்தை இயக்குநர் மறைக்கவில்லை; நாமும் மறைத்தல் ஆகாது. ஆயினும், கழுவப்பட்ட புண்கள் அதனால் கழுவப்படாதவை ஆகிவிடா. ஒருவரை வியப்பது வேறு, விடுவிப்பது வேறு. எபோஷி வியப்புக்குரியவள், குற்றமற்றவள் அல்லள். இவ்விரண்டையும் ஒருசேர ஏற்க நம் மனம் கூசுகிறது. ஒருவரின் தீமை தெரிந்தபின் அவருடைய நன்மையை விசாரிக்க நாம் விரும்புவதில்லை.

அவளது குண்டினால் சாவைச் சுமப்பவன் அஷிதாகா. வெறுக்கும் உரிமை அவனுக்கே மிகுதி. மோரோவின் தலை அவளது கையொன்றைக் கடித்துத் துண்டித்த பின்பும் பழிதீர்க்க முனையும் சானிடம், உன் தாயே பழிதீர்த்துவிட்டாள் என்று சொல்லி அவன் அவளைக் காக்கிறான். அவள் பக்கம் சேரவும் இல்லை; அவளைக் கைவிடவும் இல்லை.

முடிவில் உலை அழிந்துவிடுகிறது. தான் வேட்டையாடிய ஓநாய்க் குலத்தின் முதுகில் சுமக்கப்பட்டு உயிர் பிழைத்த எபோஷி, முதலிலிருந்து தொடங்கி இதை நல்ல ஊராக்குவோம் என்று தன் மக்களிடம் கூறுகிறாள். நீதி கேட்டு அமர்ந்த நாம் அவளது மரணத்தை எதிர்பார்த்தோம். படம் அவளுக்கு ஒரு கையையும் இன்னொரு வாய்ப்பையும் விட்டுவைக்கிறது.