காசியின் படிகள்

காசியில் ஒரு நாள் தங்க வாய்த்தால், அதைப் படித்துறைகளில் நடந்தே கழிக்கலாம். தெற்கே அஸ்ஸி தொடங்கி வடக்கே 80க்கும் மேற்பட்ட துறைகள். கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுவதால், மேற்குக் கரைப் படிகள் அத்தனையும் கிழக்கு பார்த்தவை. முழுகி எழுபவர் முகத்துக்கு நேரே சூரியன் உதிக்கிறான்.

மணற்கல் படிகளில் பல, 18ஆம் நூற்றாண்டில் மராட்டியர் ஆதரவில் எழுந்தவை. அவற்றின் அழகைவிட அறிவுதான் என்னை ஈர்க்கிறது. மழைக்காலத்தில் ஆறு பல படிகளை விழுங்கும்; கோடையில் கீழிறங்கும். நீர் எங்கே நின்றாலும் கால் நனைக்க ஒரு படி இருக்கும். வெள்ளம் விட்டுப்போன வண்டலை ஆண்டுதோறும் கழுவித் துறையை மீட்கிறார்கள்.

சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டிய கேதார் துறையில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். குமரகுருபரர் நிறுவிய மடம் அருகில்தான். அங்கிருந்து தசாசுவமேதம் கடந்து மணிகர்ணிகைக்கு நடந்தால், நீராடல், துணி துவைத்தல், தர்ப்பணம், மாலை ஆரத்தி, சிதை எல்லாம் ஒரே படிவரிசையில். வாழ்வையும் சாவையும் பிரிக்காமல் தாங்கும் கட்டடக்கலை இதைவிடப் பெரிதாக நான் கண்டதில்லை.