இயந்திர மொழிபெயர்ப்பும் தமிழ்க் கல்வியும்: ஒரு மதிப்பீடு

இயந்திர மொழிபெயர்ப்பு பொறியியற் பீடத்தாருக்குரியது. இலக்கணமும் இலக்கியமும் பயிலும் கலைப்பீட மாணவருக்கு அதிற் பங்கில்லை என்னும் எண்ணம் எளிதில் தோன்றக்கூடியது. அது எத்துணை பொருந்தும் என்பதை அத்துறையின் வரலாற்றையும் மட்டக்களப்புத் தமிழையும் ஒருங்கே வைத்து நோக்குதல் தகும்.

1954இல் அமெரிக்காவின் ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து, 250 சொற்களையும் 6 விதிகளையும் கொண்டு ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கிக் காட்டின. அதனாற் பெருநம்பிக்கை பிறந்தது. ஆயின், எழுதுகோலையும் குழந்தை விளையாடும் அடைப்பையும் ஒருங்கே குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றைச் சுட்டி, உலக அறிவின்றி அதன் பொருளைத் துணிய இயலாதென 1960இல் பார்-ஹில்லெல் வாதிட்டார். 1966இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்றின் அறிக்கையும் இம்முயற்சியின் பயனை ஐயுற்றது. 1980களிலே தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் ரஷ்ய மொழியிலிருந்து தமிழாக்கும் முறையொன்றை வகுக்க முற்பட்டது. பின்னர் விதி வகுக்கும் நெறி தளர்ந்து, மனிதர் செய்த மொழிபெயர்ப்புகளைத் திரட்டிக் கொடுக்க, அவற்றிலிருந்து கணினியே கற்கும் நெறி மேலோங்கியது.

இம்மாற்றத்தால் மொழியறிஞரின் தேவை அற்றுவிட்டது என்பது பொருந்தாது. விதியை யார் வகுப்பது என்பது அன்றைய வினா. எந்தத் தமிழைத் திரட்டுவது என்பது இன்றைய வினா.

இலங்கையில் இவ்வினா கல்வியுலகோடு அமைவதன்று. 1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் சிங்களத்திலே எழுதப்படும் சுற்றறிக்கை செம்மையான தமிழில் வந்தாலன்றி அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும். 2003இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சிங்கள-தமிழ் மொழிபெயர்ப்புக்குப் புள்ளியியல் முறை ஆராயப்பட்டது. பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் அரச ஆவணங்களுக்கென ஒரு முறைமையை ஆக்கினர். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை இரு மொழிக்கும் பொதுவாதலின், ஆங்கிலத்தைவிடச் சிங்களத்திலிருந்து தமிழாக்குதல் ஒருவகையில் எளிது. இம்முயற்சிகள் பாராட்டுக்குரியன.

ஆயினும் அரச ஆவணத் தமிழ் மக்கள் தமிழ் முழுவதும் ஆகாது. மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கமும் படும் பக்கமும் பற்றிய இப்பெயர்களைப் பிரித்து நோக்கும் இயந்திரம், எழுவான், படுவான் என்பவற்றை ஆண்பால் வினைமுற்றுகளாகக் கொள்ள இடமுண்டு. ‘குடி’ இப்பிரதேசத்திலே தாய்வழி வரும் குலப்பிரிவைக் குறிக்கும். கோயிலுரிமையும் மண உறவும் அதனோடு பிணைந்தவை. அதனைப் பருகுதல் எனவோ குடிமகன் எனவோ கொள்ளின் வாக்கியம் முழுவதும் சிதையும். நிலவுடைமையாளரான ‘போடியார்’, ‘பிறகு’ எனப் பொருள்படும் ‘மறுகா’ முதலியனவும் இவ்வாறே. இயந்திரம் சூழலை நோக்கிப் பொருள் துணிய வல்லதாயினும், கண்டறியாத வழக்கின் சூழலை அது எங்ஙனம் அறியும்?

மதிப்பிடும் முறையும் ஆய்வுக்குரியது. ஐ.பி.எம். ஆய்வாளர் 2002இல் முன்வைத்த ‘புளூ’ என்னும் அளவுகோல், இயந்திரத்தின் சொற்றொடர்கள் மனிதரின் மொழிபெயர்ப்போடு எத்துணை ஒக்கின்றன என எண்ணிப் புள்ளியிடுவது. ‘வீட்டிலிருந்து’, ‘வீட்டில் இருந்து’ ஆகிய இரண்டும் தமிழறிந்தோர்க்கு ஒன்றே. சொல்லளவில் எண்ணும் அளவுகோலுக்கோ வேறு வேறு. எனவே பிழையற்ற தமிழும் குறைந்த புள்ளி பெறலாம். இக்குறையை உணர்தற்குப் புணர்ச்சியிலக்கணம் கற்றோர் வேண்டும்.

இத்தகைய கூட்டுறவுக்கு இம்மண்ணிலேயே முன்னுதாரணம் உண்டு. 1892இல் காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியருமானார். 1930களிலே சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய அவர், 1947இல் வெளிவந்த ‘யாழ் நூலில்’ கணிதத்தைக் கொண்டு பண்டைத் தமிழிசையை ஆராய்ந்தார். அறிவியலும் தமிழும் வெவ்வேறு பீடத்தன என அவர் ஒதுங்கவில்லை.

ஆதலின், இயந்திர மொழிபெயர்ப்பைப் பல்கலைக்கழகத்திற் கற்பிக்குங்கால் தமிழ்த்துறையும் உடன் நிற்றல் வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் இதற்கேற்ற களமாகும். வாவிக்கரை ஊர்களின் பேச்சு வழக்கை மாணவர் பதிவுசெய்து, சிங்களம் அறிந்தோரின் துணையுடன் இணை வாக்கியங்களாகத் தொகுக்கலாம். இயந்திரத்தின் பிழைகளை இலக்கண நோக்கில் வகைப்படுத்தலாம். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இவை செய்யப்படாவிடின், இயந்திரம் தரும் தமிழே நாளடைவில் அலுவலகத் தமிழாகவும் பாடநூல் தமிழாகவும் நிலைபெற, படுவான்கரை உழவன் தன் மொழியில் வந்த கடிதத்தையே பிறர் விளக்கக் கேட்டறியும் நிலை நேரும்.