பேராயரும் டாவோஸ் பங்குக்குருவும்

அமெரிக்கா என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவன வானளாவும் கட்டடங்களும் ஆலைகளும் அகன்ற நெடுஞ்சாலைகளுமே. அந்நாட்டின் தென்மேற்கில், மெக்சிகோவின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் நியூ மெக்சிகோ மாநிலம் இச்சித்திரத்துள் அடங்குவதன்று. ஆங்கிலக் குடியேறிகளைச் சுமந்த மேஃப்ளவர் கப்பல் 1620இல் கரை சேர்வதற்கு முன்பே, பிரான்சிஸ்கன் துறவியர் இங்கே திருப்பலி நிறைவேற்றி வந்தனர். சுடாத மண்கற்களால் எழுப்பிய கோயில்களும், உள்ளூர்க் கைகள் மரத்தில் செதுக்கிய புனிதர் உருவங்களும் நிறைந்த நாடு அது. கதைகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஸ்பெயினில் தம் கன்னியர் மடத்தைவிட்டு வெளியேறாத ஆக்ரேதா மரியா என்னும் துறவி, நீலப் போர்வையணிந்து அப்பாலைநிலத்து மக்களிடையே தோன்றி மறைபோதித்தார் என்பது ஒரு கதை. 1629இல் ஹுமானோ இனத்தார் தாமாகவே வந்து திருமுழுக்குக் கேட்டனர் என்றும், 1631இல் துறவி பெனவிதெஸ் ஸ்பெயினுக்குச் சென்று மரியாவையே நேரில் கண்டு வினவினார் என்றும் பழைய ஏடுகள் கூறும்.

சாந்தா ஃபே நகரத்து லொரெட்டோ சிற்றாலயத்தில் நடுத்தூண் இல்லாமல் இருமுறை சுழன்றேறும் மரப்படிக்கட்டு ஒன்று உண்டு. முப்பத்து மூன்று படிகள். கன்னியர் ஒன்பது நாள் செபம் செய்தபின் முன்பின் அறியாத முதியவர் ஒருவர் வந்து அதைச் செய்துவிட்டு, கூலியும் பெறாமல் மறைந்தார் என்பர். அவர் புனித சூசையப்பரே என்பது மக்கள் நம்பிக்கை. ரோஷா என்னும் பிரெஞ்சுத் தச்சரின் வேலையாக அது இருக்கக்கூடும் எனப் பிற்கால ஆய்வு சான்று காட்டியது. கதை தளரவில்லை, அதில் நமக்கு வருத்தமும் இல்லை. உழைத்த தச்சர் ஒருவரின் பெயர் மறைந்துபோனது ஒன்றே குறை.

அதனினும் பெரிய குறை ஒன்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். இம்மாநிலத்தின் வரலாற்றையும் மரபுக்கதைகளையும் ஒருசேரப் பிசைந்து வில்லா கேத்தர் எழுதிய நாவல், ‘டெத் கம்ஸ் ஃபார் தி ஆர்ச்பிஷப்’, 1927இல் வெளிவந்தது. பேராயரை நாடி வரும் மரணம் என்று தலைப்பைப் பெயர்த்துக்கொள்ளலாம். கத்தோலிக்க மறைப்பணியை இத்துணை மரியாதையோடு சித்திரித்த அமெரிக்க நாவல்கள் மிகச் சிலவே. எழுதியவரோ கத்தோலிக்கர் அல்லர். பாப்டிஸ்ட் குடும்பத்தில் 1873இல் பிறந்து, 1922இல் எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தவர். 1947இல் மறைந்தார்.

நாவலின் மூலம் சிறிது. சாந்தா ஃபே மறைமாவட்டத்தின் முதல் ஆயர் ஜான் பாப்டிஸ்ட் லாமி 1814இல் பிரான்சின் ஓவெர்ஞ் பகுதியில் பிறந்தவர். மெக்சிகோவிடமிருந்து 1848 உடன்படிக்கையால் அமெரிக்காவுக்கு வந்துசேர்ந்த நிலப்பரப்பின் ஆன்மீகப் பொறுப்பை ஏற்று 1851இல் சாந்தா ஃபே அடைந்தார், 1875இல் பேராயரானார், 1888இல் இறந்தார். அவருடைய தோழரும் துணைவருமான ஜோசப் மாஷ்பஃப் பின்னாளில் டென்வரின் முதல் ஆயரானவர். மாஷ்பஃபின் வாழ்க்கையை ஹௌலெட் என்னும் குரு 1908இல் நூலாக எழுதியிருந்தார். 1925இல் சாந்தா ஃபே சென்றிருந்தபோது கேத்தரின் கையில் அந்நூல் சிக்கியது. லாமி நாவலில் லத்தூர் ஆனார். மாஷ்பஃப், வையான் ஆனார்.

நூல் வெளிவந்த ஆண்டிலேயே ‘காமன்வீல்’ என்னும் கத்தோலிக்க வார இதழுக்குக் கேத்தர் எழுதிய மடலில் தம் நோக்கத்தை விளக்கியுள்ளார். புனித ஜெனவியேவின் வாழ்வைப் பூவி து ஷவான் தீட்டிய சுவரோவியங்களைப் பார்த்த நாள் முதலே, அவற்றைப்போல அழுத்தமும் உச்சகட்டமும் இல்லாத ஒரு கதையை உரைநடையில் சொல்ல அவர் விரும்பினாராம். இடைக்காலத்தில் வழங்கிய புனிதர் கதைத் தொகுதிகளில் வேதசாட்சியின் மரணமும் வழிப்போக்கில் நடந்த சிறு செய்தியும் ஒரே தொனியில் சொல்லப்படும். அத்தொனியே தமக்கு வேண்டியிருந்தது என்கிறார்.

அவ்விருப்பம் பல இடங்களில் நிறைவேறியிருப்பதை எவரும் மறுக்க இயலாது. டிசம்பர் இரவு ஒன்றைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆயரின் மனம் வறண்டு கிடக்கிறது, செபம் வரவில்லை, தம் உழைப்பெல்லாம் வீண் என்ற எண்ணம் உறக்கத்தைக் கெடுக்கிறது. நள்ளிரவில் எழுந்து பனியில் நடந்து கோயிலுக்குச் செல்கிறார். வாயிலில் ஒரு கிழவி ஒடுங்கிக் கிடக்கிறாள். சாதா என்னும் அம்மெக்சிகப் பெண் ஒரு புரொட்டஸ்டண்டுக் குடும்பத்தில் அடிமை. பத்தொன்பது ஆண்டுகளாக அவள் பீடத்தைக் கண்டதில்லை. எசமானர் கோயிலுக்குப் போக விடுவதில்லை. ஆயர் அவளை உள்ளே அழைத்துச் செல்கிறார். இருவரும் தேவதாயின் முன் முழந்தாளிடுகின்றனர். அவளுடைய கண்ணீரின் வழியாக அவருக்குத் தம் விசுவாசம் திரும்பக் கிடைக்கிறது. தம் போர்வையை அவளுக்குக் கொடுக்க அவர் மனம் விழைகிறது. எசமானர் கண்ணில் படுமே என்று அவள் அஞ்சுகிறாள். ஒரு சிறு வெள்ளிப் பதக்கமே அவளோடு போகிறது. அடிமைத்தளையை ஆயர் அறுத்தார் என்றோ, எசமானர் மனந்திரும்பினார் என்றோ கேத்தர் எழுதவில்லை. கிழவி மீண்டும் அதே வீட்டுக்குத்தான் செல்கிறாள். மலிவான ஆறுதல் எதையும் வழங்காத இப்பக்கங்கள், தவக்காலத்துத் தியானத்துக்கே உரியவை என்போம்.

பாலைவனத்தில் வழிதவறிய துறவி செர்ராவுக்குத் திருக்குடும்பம் விருந்தளித்த கதை, குவாதலூப்பே அன்னையின் கதை ஆகியவற்றையும் இதே தூய்மையோடு சொல்கிறார். ஆக்கோமா என்னும் பாறைமேட்டு ஊரில், மக்களைக் கசக்கி வேலை வாங்கிய பல்தசார் என்னும் துறவியை அவ்வூரார் பாறையிலிருந்து தள்ளிக் கொன்ற கதையும் உண்டு. மறைப்பணியாளரின் குற்றத்தைக் கூறும் கதைதான். எனினும் ஊர்வாய்க் கதையாகவே அது வந்து போகிறது. எவருடைய நினைவின்மீதும் சேறு விழவில்லை.

டாவோஸ் ஊர்ப் பங்குக்குரு அந்தோனியோ ஹோசே மார்த்தினெஸ் கதையுள் நுழையும்போதுதான் நிலைமை மாறுகிறது.

நூலாசிரியர் பிரெஞ்சுக் குருக்கள் இருவருக்கும் மாற்றுப்பெயர் சூட்டினார். அதனால் அவர்கள் வாழ்வை வேண்டியபடி வனையும் உரிமை அவருக்குக் கிட்டியது. லாமி இறந்து ஓராண்டுக்கு மேல் மாஷ்பஃப் உயிரோடிருந்தார். நாவலிலோ வையான் முன்னே சாக, லத்தூர் டென்வர் சென்று நண்பரை அடக்கம் செய்கிறார். மாற்றுப்பெயர் இருப்பதால் இதை எவரும் பிழையென்று சொல்லார். ஆனால் அவர்களோடு முரண்பட்ட மண்ணின் மைந்தரான குருக்களுக்கு இச்சலுகை கிடைக்கவில்லை. அல்புகெர்க்கியின் கயேகோஸ் அதே பெயரில் சூதாடியும் நடனக்காரருமாக வருகிறார்; 1853இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அப்பகுதியின் பேராளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். அர்ரோயோ ஓந்தோவின் லூசெரோ கருமியாக வருகிறார். மார்த்தினெஸோ காமுகர், நிலம் பறிப்பவர், கலகத்தைத் தூண்டிவிட்டுப் பின் தூக்குமேடை ஏறிய இந்தியரைக் கைவிட்டவர் என எல்லாப் பழியையும் தம் சொந்தப் பெயரில் சுமக்கிறார். நல்லவர்க்குத் திரை, பொல்லாதவர்க்குப் பெயர்ப்பலகை! இது கலைத் தேவையால் நேர்ந்தது என்று ஏற்க நம்மால் இயலவில்லை.

மெய்யான மார்த்தினெஸ் யார்? 1793இல் அபிக்கியூவில் பிறந்தார். இளமையில் மணந்து, மனைவியை இழந்தபின் துராங்கோ குருமடத்தில் பயின்று 1822இல் குருவானார். 1826இல் டாவோஸ் பங்கை ஏற்ற அவர் அங்கே பள்ளி தொடங்கினார். சிறுவரோடு சிறுமியரும் அதில் பயின்றனர். குருமாணவரை ஆயத்தம் செய்யும் பயிலகமும் அதன்பின் எழுந்தது; நாவலில் இழித்துரைக்கப்படும் கயேகோசும் லூசெரோவும் அங்கு பயின்றவர்களே. 1835இல் அச்சுப்பொறி ஒன்றைப் பெற்று, செபநூல்களையும் பாடநூல்களையும் அச்சிட்டுத் தந்தார். 1851இல் ஆட்சிப்பகுதியின் சட்டமன்ற மேலவைக்குத் தலைமை தாங்கினார். ஆளுநர் பென்ட் கொல்லப்பட்ட 1847ஆம் ஆண்டு டாவோஸ் கலகத்தின்போது, உயிருக்கு அஞ்சி ஓடிவந்தோர்க்குத் தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தார். கலகத்தைத் தூண்டியவர் அவரே என்பதற்குச் சான்று இல்லை. ஊர்ப்பேச்சு என்ற போர்வையில் கேத்தர் அதனைக் கதையுள் நுழைத்தார். ஊர்ப்பேச்சுக்குப் பொறுப்பாளி எவருமில்லை என்பது எழுத்தாளர்க்கு எத்துணை வசதி!

ஆயரோடு அவருக்கு நேர்ந்த பிணக்கின் வேரும் நாவலில் இடம் மாறியிருக்கிறது. நாவலின்படி மணத்துறவு ஒழுங்கை எதிர்த்தே மார்த்தினெஸ் ஆயரிடம் வாதிடுகிறார். வரலாற்றில் முன்னிற்பது தசமபாகம். ஏழைக் குடியானவர்மீது சுமத்தப்பட்ட இவ்வரியை மெக்சிக ஆட்சிக்காலத்திலேயே எதிர்த்தவர் அவர். 1854இல் லாமி வெளியிட்ட சுற்றுமடல், தசமபாகம் செலுத்தத் தவறுவோர்க்குத் திருவருட்சாதனங்களை மறுக்குமாறு பணித்தது. அதனை மார்த்தினெஸ் ஏற்கவில்லை. எழுதினார், மீண்டும் எழுதினார். பணத்தின் பொருட்டு அருட்சாதனம் மறுக்கப்படலாமா என்னும் வினாவை எழுப்பிய குருவை, தசைவேட்கையின் பொருட்டு எதிர்த்த குருவாக மாற்றியபோது அந்த வினாவே புதையுண்டது. மறைப்பணி நாடொன்றில் பிறந்த நமக்கு இதைக் கண்டும் காணாதிருத்தல் எளிதன்று.

மார்த்தினெஸைப் புனிதராக்க நாம் முனையவில்லை. குருவானபின் அவருக்குப் பிள்ளைகள் பிறந்ததை அவர்மீது பரிவுள்ள வரலாற்றாசிரியரே எழுதியுள்ளனர். 1856இல் பணியிலிருந்து நிறுத்தப்பட்ட பின்னும் தம் சொந்தச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றி வந்தார்; பங்கு இரண்டாகப் பிளந்தது. அதற்குப்பின் வந்த சபைநீக்கம் திருச்சபைச் சட்டப்படி செல்லுமா என்பது பின்னாளில் விவாதத்துக்கு உள்ளாயிற்று. எனினும் பிளவின் காயம் மெய்யானது. லாமியின் பெருமையும் மெய்யானதே. குருக்கள் சிலரே இருந்த பரந்த நாட்டைக் குதிரைமீதே சுற்றிவந்தவர். பள்ளிகளுக்கும் மருத்துவமனைக்கும் கன்னியரை வரவழைத்தவர். இரு வலிய மனிதர் மோதினர். இருவரிடமும் குறை இருந்தது. இதனை இவ்வாறே எழுதியிருப்பின் நாவல் இன்னும் ஆழம் பெற்றிருக்கும்.

எழுதும் ஆற்றல் கேத்தருக்கு இல்லாமற் போகவில்லை. டாவோஸ் கோயிலில் மார்த்தினெஸ் பாடற் திருப்பலி நிறைவேற்றுவதை லத்தூர் கேட்கும் இடம் ஒன்று உண்டு. இவ்வளவு உருக்கமாகப் பாடப்பட்ட திருப்பலியைத் தாம் கேட்டதில்லை என ஆயர் வியக்கிறார். நல்வழி காட்டப்பட்டிருந்தால் இம்மனிதர் மாமனிதர் ஆகியிருப்பாரே என ஏங்குகிறார். அந்த ஒரு கணத்தில் மார்த்தினெஸ் உயிருள்ள மனிதராக எழுந்து நிற்கிறார். அடுத்த பக்கங்களில் மீண்டும் கதையின் தீயவராகச் சுருங்கிவிடுகிறார்.

எல்லாவற்றினும் நம்மை வருத்துவது லூசெரோவின் மரணக் காட்சி. சாகுந்தறுவாயில் அவர் மறுவுலகைக் கண்டு கூவுகிறார். முன்னரே இறந்த மார்த்தினெஸ் அங்கே வேதனையில் துடிப்பதை அவர் கண்டுவிட்டதாகச் சுற்றி நின்றோர் நம்புகின்றனர். நாடகச் சுவை மிக்க காட்சி, வாசகர் மறப்பதில்லை. ஆனால் இன்னார் மோட்சத்தில் உள்ளார் என அறிவிக்கும் திருச்சபை, இன்னார் நரகத்தில் உள்ளார் என எவரைக் குறித்தும் ஒருபோதும் அறிவித்ததில்லை. தாந்தே திருத்தந்தையரையே நரகத்தில் வைத்தாரே என்பார் உளர். தாந்தே தம் காலத்துப் பகையைத் தம் பெயரில், நாடுகடத்தப்பட்ட தம் நிலையில் நின்று எழுதினார். அறுபது ஆண்டுகளுக்கு முன் மடிந்த ஓர் ஊர்க்குருவை, அவ்வூரையே சேராத ஒருவர், அழகிய மரபுக்கதை என்னும் அமைதியான தொனியில் நரகத்துக்கு அனுப்புவது வேறு. தொனி அமைதியாக இருப்பதாலேயே தீர்ப்பு ஐயமின்றி மனத்தில் பதிகிறது.

மற்றுமோர் இடம். நாவலின் லத்தூர், உள்ளூர்க் கைகள் செதுக்கிய மரப்புனிதர்களை அச்சில் வார்த்த சுதைச்சிலைகளினும் மேலாக விரும்புகிறார். உண்மையில் லாமியின் காலத்தில்தான் அம்மரவுருவங்கள் பல ஒதுக்கப்பட்டு, வெளியிலிருந்து வந்த சுதைச்சிலைகள் அவ்விடம் பிடித்தன. மண்கோயில் இருந்த இடத்தில் பிரெஞ்சு ரோமனெஸ்க் பாணியில் பேராலயம் எழலாயிற்று. கேத்தர் தம் காலத்துக் கலைரசனையை ஆயரின் கண்களில் வைத்துவிட்டார். சாந்தா ஃபேயில் வாழ்ந்த எழுத்தாளர் மேரி ஆஸ்டின் 1932இல் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனைச் சுட்டி, பிரெஞ்சுப் பேராலயம் எழுந்தது உள்ளூர்ப் பண்பாட்டுக்கு நேர்ந்த பேரிழப்பு என்னும் கருத்துப்பட எழுதினார். கேத்தரின் அன்பு பிரெஞ்சு இரத்தத்தின் பக்கம் சாய்ந்ததே என்பது அவருடைய ஆற்றாமை. நமக்கும் அது நியாயமாகவே தோன்றுகிறது.

நாவலைப் படிக்க வேண்டாமென நாம் சொல்லவில்லை. சாதாவின் பக்கங்களுக்காகவேனும் படிக்க வேண்டும். ஆங்கிலம் கற்ற நம் இளைஞர் அதனைக் கையில் எடுப்பின், ஆஞ்சலிகோ சாவேஸ் என்பார் மார்த்தினெஸைப் பற்றி 1981இல் வெளியிட்ட வரலாற்றையும் உடன் தேடிப்பெறுவது நன்று. அம்மண்ணில் பிறந்து பிரான்சிஸ்கன் குருவாகி, கவிஞராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கியவர் சாவேஸ். அவர் மார்த்தினெஸின் குறைகளை மறைக்கவில்லை. ஆனால் திருமுழுக்கு ஏடுகளையும் மடல்களையும் புரட்டிய பின்னரே பேசுகிறார்.

சாந்தா ஃபே பேராலயத்தின் முன்னே 1915 முதல் லாமியின் வெண்கலச் சிலை நிற்கிறது. டாவோஸ் நகரச் சதுக்கத்தில் மார்த்தினெஸுக்குச் சிலை எழ 2006ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனினும் அவருடைய கல்லறைக்கல் அதற்கு வெகு முன்னரே பேசியிருந்தது. 1867இல் அவர் இறந்தபின் ஆட்சிப்பகுதியின் சட்டமன்றம் அவருக்கு அளித்த சொற்கள் ஸ்பானிய மொழியில் அதில் பொறிக்கப்பட்டுள்ளன: தம் நாட்டின் பெருமை.