வண்ணம் துறந்த மரம்: சிற்பி ரீமன்ஷ்னைடர்

கலைப்படைப்பைப் பொன்போல் காத்துவிட்டு, அதைப் படைத்த கரங்களை மறந்துவிடுவது உலக வழக்கு. செர்மனி நாட்டின் தலைசிறந்த சிற்பிகளுள் ஒருவரான தில்மான் ரீமன்ஷ்னைடரின் வாழ்வு இதற்குத் தக்க சான்று. 1531-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள் இறந்த அவரை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் எவரும் நினைக்கவில்லை. 1822-இல் வூர்ட்ஸ்பர்க் நகரில் அவருடைய கல்லறைக் கல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட பின்னரே, அவர் செதுக்கிய புனிதர்களோடு அவர் பெயரும் மீண்டும் சேர்ந்தது.

1460-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த அவர், 1483-இல் பயணத் தொழிலாளராக வூர்ட்ஸ்பர்க் வந்தார். 1485-இல் பொற்கொல்லர் ஒருவரின் கைம்பெண்ணை மணந்து, அந்நகரக் குடியுரிமையும் தொழில் ஆசான் என்னும் தகுதியும் பெற்றார். பல உதவியாளர்கள் உழைத்த பெரிய பட்டறை ஒன்று அவர் பொறுப்பில் வளர்ந்தது. லிண்டன் என்னும் மென்மரமே அவர் பெரிதும் விரும்பிய பொருள்.

வண்ணம் தீட்டிய சுரூபங்களைக் கண்டு பழகிய நம் கண்களுக்கு அவருடைய பீடங்கள் முதலில் வெறுமையாகத் தோன்றக்கூடும். அக்காலச் செர்மானிய மக்களுக்கும் அவ்வாறே தோன்றியது. மியூனர்ஸ்டாட் ஆலயத்திற்காக 1492-இல் அவர் முடித்த மகதலா மரியா பீடத்தில் பொன்னும் இல்லை, வண்ணமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மற்றொரு பெருஞ்சிற்பியான பைட் ஸ்டோஸ் என்பவரைக் கொண்டு அதற்கு வண்ணமும் பொன்னும் பூசச் செய்தனர். ஆயினும் ரீமன்ஷ்னைடர் தம் வழியை விட்டுவிடவில்லை. வண்ணம் செய்ய வேண்டிய பணியை அவர் ஒளியிடம் ஒப்படைத்தார். ஆடையின் மடிப்பிலும் கண்ணிமையின் ஓரத்திலும் கைந்நரம்பிலும் உளி இட்ட மெல்லிய கோடுகள், பகலவன் நகர நகர வெவ்வேறு நிழல்களை வாங்கிக்கொள்கின்றன.

இதன் முழு ஆற்றலையும் ரோத்தன்பூர்க் நகரின் புனித யாக்கோபு ஆலயத்தில் காண்கிறோம். ஆண்டவரின் திருஇரத்தத் திருப்பண்டத்தைத் தாங்கும் அப்பீடத்தின் சிற்பங்களை அவர் 1501-க்கும் 1505-க்கும் இடையில் செய்தார். இறுதி இராவுணவே அதன் நடுக்காட்சி. பேழையின் பின்புறத்தில் கண்ணாடிச் சாளரங்கள் அமைந்திருப்பதால், அந்த மேலறைக்குள் உண்மையான பகலொளியே புகுகிறது.

அக்காட்சியின் நடுவில் நிற்பவர் யார்? இயேசு அல்லர், பணப்பையைப் பற்றிய யூதாசு! ஆண்டவர் சற்றே ஒதுங்கியிருந்து, அவனுக்கு அப்பத்துண்டை நீட்டுகிறார். காட்டிக்கொடுப்பவனை ஓரத்தில் ஒதுக்குவதும், அவன் முகத்தை அருவருப்பாகத் தீட்டுவதும் பல ஓவியர்கள் கையாண்ட எளிய வழி. ரீமன்ஷ்னைடரோ அவனை நம் கண்ணெதிரே நிறுத்துகிறார். அவன் முகத்தில் அரக்கத்தன்மை இல்லை, தயக்கமே இருக்கிறது. நற்கருணை வாங்க அப்பீடத்தை அணுகுகிற ஒவ்வொருவரும் அவனைக் கடந்தே ஆண்டவரைக் காண வேண்டியுள்ளது. தகுதியற்றவனுக்கும் நீட்டப்படும் கரத்தைப் பற்றி இதைவிட ஆழமான மறையுரையை மரத்தில் எவரும் எழுதியதாக நாம் அறியோம்.

கிரெக்லிங்கன் சிற்றாலயத்தின் அன்னை மரியா பீடமும் இத்தகையதே. 1384-இல் உழவர் ஒருவர் தம் வயலில் நற்கருணை அப்பத்தைக் கண்டெடுத்தார் என்றும், அவ்விடத்திலேயே அவ்வாலயம் எழுந்தது என்றும் மரபு கூறுகிறது. அங்கே அன்னை விண்ணேற, திருத்தூதர்கள் கீழே நின்று ஏக்கத்தோடு பிரிவைத் தாங்குகின்றனர்.

குறையே இல்லாத கலைஞர் என்று நாம் அவரைக் கூறமாட்டோம். நீண்ட முகம், தாழ்ந்த இமை, மூடிய உதடு என்னும் ஒரே சாயல் அவர் படைப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பட்டறையின் பெருக்கத்தில் சில உருவங்கள் வெறும் அச்சாகிவிட்டன. பெருமகிழ்ச்சியையும் பெருஞ்சினத்தையும் அவர் உளி அரிதாகவே தொட்டது. எனினும் அத்துயரம் முணுமுணுக்கும் துயரம் அன்று, காத்திருக்கும் துயரம். முதுமையின் சுருக்கங்கள் அனைத்தையும் மறைக்காமல் அவர் கல்லில் வடித்த ஆயர் ரூடால்ஃப் ஃபான் ஷெரன்பெர்க்கின் கல்லறையைக் காண்போர், அவருக்கு மெய்ம்மை நோக்கு இல்லை என்று கூறத் துணியார்.

அந்த மெய்ம்மைக்கு அவர் தம் வாழ்விலும் விலை கொடுத்தார். நகர மன்ற உறுப்பினராகி, 1520-இல் நகரத் தலைவராகவும் விளங்கிய அவர், 1525-இல் மூண்ட உழவர் போரின்போது மன்றத்தில் இருந்தார். அன்று வூர்ட்ஸ்பர்க்கின் ஆயரே அந்நாட்டின் அரசர். உழவர்க்கு எதிராக ஆயரின் படைக்குத் துணைநிற்க நகர மன்றம் மறுத்தது. உழவர் தோற்றனர், ஆயர் கொன்ராட் ஃபான் டூங்கன் வெற்றியோடு திரும்பினார். முதிய சிற்பி மரியன்பெர்க் கோட்டையில் இரு திங்கள் சிறைப்பட்டு, வதைக்கப்பட்டு, உடைமையில் ஒரு பகுதியையும் இழந்து வெளிவந்தார். அவருடைய கைகளை முறித்தனர் என்னும் கதைக்கு அக்கால ஆவணங்களில் சான்று இல்லை. ஆயினும் அதன்பின் பெரும்பணி எதுவும் அவரை நாடி வரவில்லை என்பது மெய்.

இதைத் திருச்சபையின் இதழொன்றில் எழுதலாமா என்று சிலர் தயங்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. ஆயர்களின் கல்லறைகளை அழகுறச் செதுக்கிய கரங்களை ஆயர் ஒருவரின் ஆட்சியே விலங்கிட்டது. அவருடைய ரோத்தன்பூர்க், கிரெக்லிங்கன் பீடங்களை இன்று காத்து நிற்பவர்களோ லூத்தரன் சபையார். இவ்விரு உண்மைகளும் நம்மைத் தாழ்ச்சிக்கு அழைக்கின்றன. 1945-இல் வாஷிங்டனில் உரையாற்றிய எழுத்தாளர் தாமஸ் மான், தம் நாட்டின் இருண்ட வரலாற்றிடையே இச்சிற்பியைத் தனித்து நினைவுகூர்ந்தார்.

பாம்பர்க் பேராலயத்தில் பேரரசர் என்றிக்கும் பேரரசி குனிகுண்டாவும் துயிலும் கல்லறை, 1513-இல் அவர் முடித்த பணி. அதன் பக்கமொன்றில், ஆலயம் கட்டிய தொழிலாளர்க்குப் பேரரசி கூலி வழங்குகிறார். அவர் ஏந்திய கிண்ணத்திலிருந்து தமக்குரியதற்கு மேல் எவராலும் எடுக்க இயலவில்லை என்பது மரபு. உழைப்பவனுக்கு உரியதைத் தர வேண்டும் என்பதை, போர் மூளுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஆலயத்தின் நடுவில் அவர் கல்லில் எழுதி வைத்துவிட்டார். அதைக் கண்டு செபித்தவர்கள் படிக்கத் தவறினர். நாமேனும் படிப்போமாக.