கண்மாயும் ‘ஊர்ச் சமுதாயமும்’: ஒரு நூலாய்வு

வளர்ச்சிப்பணி திருச்சபையின் ஊழியங்களுள் ஒன்றாக நிலைபெற்றுவிட்டது. எனினும் அப்பணி எவரைச் சமுதாயம் என எண்ணித் தொடங்குகிறது என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்னும் நூல் இவ்வினாவை நம் வாசலிலேயே எழுப்புகிறது. மதுரைக்குக் கிழக்கேயுள்ள சிவகங்கை, இராமநாதபுரம் சமவெளிகளின் கண்மாய்களே அதன் களம்.

1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு தமிழகக் கண்மாய்களைச் சீரமைக்கும் பணி தொடங்கிற்று. 1997இல் மதுரையில் உருவான தான் அறக்கட்டளை ‘வயலகம்’ என்னும் பெயரில் பாசன விவசாயிகளை ஒருங்கிணைத்தது. 2017இல் தமிழக அரசு ‘குடிமராமத்து’ என்ற பழம்பெயரையே தன் திட்டத்திற்குச் சூட்டியது. முற்காலத்தில் ஊரார் ஒருமனப்பட்டுக் கண்மாயைக் காத்தனர், அம்மரபை மீட்டால் போதும் என்னும் நம்பிக்கை இத்தகைய முயற்சிகளில் அடிக்கடி ஒலிக்கிறது.

மோஸ் இந்நம்பிக்கையை அசைக்கிறார். கண்மாய் மன்னர், ஜமீன்தார் ஆகியோரின் அதிகாரத்தோடும் சாதி மரியாதையோடும் பிணைந்திருந்தது என்கிறார். மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய நீர்ப்பாய்ச்சி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரே. அவருடைய ஊழியம் ஊருக்கு இன்றியமையாதது. அவருக்கோ அது தாழ்வின் அடையாளம். அதை அவர் உதறியதை ஒரு சாரார் ‘மரபின் சிதைவு’ என்பர். அவர் அதை விடுதலை என்பார்.

மலைநாடாகிய லெசோத்தோவைக் குறித்து ஜேம்ஸ் பெர்குசன் 1990இல் எழுதிய நூலும் இதற்கு ஒத்தது. உலக வங்கியும் கனடாவும் 1975இல் தொடங்கிய தாபா-செக்கா திட்டம் அந்நாட்டினரை வெறும் உழவராகவே கண்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் அவர்தம் ஆடவர் உழைத்ததன் அரசியலைக் காணவில்லை.

மோஸின் நூலில் ஒரு குறை உண்டு. மாயையைக் கலைக்கும் அளவிற்கு அது வழியைக் காட்டவில்லை. நாளை அவ்வூரில் நிற்கவேண்டிய ஊழியருக்கு ஐயம் மட்டும் போதாது.

இங்கு ஆதியாகமம் 26ஆம் அதிகாரம் துணைசெய்கிறது. ஈசாக்கு தன் தந்தையின் காலத்துத் துரவுகளை மீளத் தோண்டினான். ஆயினும் நீர் கண்ட இடத்தில் பூசல் எழுந்தது. ஏசேக்கு, சித்னா என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. அவன் அகன்றுபோய் ரெகொபோத்தில் இடம் கண்டான். நம் ஊர்களின் நிலமற்றோருக்கு அகன்றுபோக இடமில்லை. ஆகவே ரெகொபோத் ஊருக்குள்ளேயே உண்டாக வேண்டும். ஆயக்கட்டில் நிலமுடையோர் மட்டுமே உறுப்பினராகும் சங்கத்தில் அது உண்டாகாது. கண்மாயின் மீன் குத்தகையிலும் மரங்களின் வருவாயிலும் நிலமற்றோருக்குப் பங்கும், தீர்மானங்களில் அவர்களுக்குக் குரலும் வேண்டும்.

நம் சபைகள் வளர்ச்சிக்கெனப் பணம் பெறும்போது, கரையில் நிற்பவரோடு மடையில் நின்றவரையும் கேட்டுத்தான் பெறுகின்றனவா? இந்நூலைப் படிக்கும் போதகர் இவ்வினாவினின்று தப்ப முடியாது.